ரூட் பண்ணுமுன் பேக்கப்: எது வரும், எது வராது

கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவில் போன் திருத்துகிற கடை ஒன்றின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சொஃப்ட்வெயார் வேலை என்று யாராவது போனை நீட்டியதும், கடைப் பெடியன் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: "அண்ணா, பேக்கப் எடுத்திட்டீங்களா?" வந்தவர் யோசிக்கவே மாட்டார். "ஓம் தம்பி, எல்லாம் கூகுளில இருக்கு" என்பார். வில்லங்கம் முழுக்க அந்த "எல்லாம்" என்ற சொல்லில்தான். கூகுளில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. பின்னால் நாலு பேர் நிற்கும்போது பெடியனுக்கும் அதைப் பார்க்க நேரமில்லை. மூன்று நாள் கழித்துப் போன் புதுசு போலத் திரும்பி வரும். வட்ஸ்அப்பைத் திறந்தால் பேச்செல்லாம் நாலு மாதத்துக்கு முன்னேயே நின்றுபோயிருக்கும்.

நானும் ஒருகாலத்தில் அப்படி "ஓம்" சொன்னவன்தான். அந்தக் கதை பின்னால் வரும்.

ரூட் பண்ணுவது என்றால், போனைச் செய்த கம்பனி தன் கையிலேயே வைத்துக்கொண்ட உச்ச அதிகாரத்தை நாம் எடுத்துக்கொள்வது. லினக்ஸில் அந்த அதிகாரக் கணக்கின் பெயர் ரூட். அன்ட்ரொய்டின் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். கஸ்டம் ரொம் என்பது அதற்கு மேலே ஒரு படி. கம்பனி தந்த மென்பொருளையே கழற்றிவிட்டு, லீனியேஜ் ஓஎஸ் மாதிரி வேறொன்றைப் போடுவது. 2008இல் வந்த முதல் அன்ட்ரொய்ட் போனான எச்டிசி ட்ரீமில் ரூட் எடுக்க ஒரு வித்தையும் தேவைப்படவில்லை. விசைப்பலகையில் தட்டுவதெல்லாம் பின்னணியில் ரூட் கட்டளையாகவும் ஓடிக்கொண்டிருந்தது. 'ரீபூட்' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டரை அழுத்தினால் போன் உண்மையாகவே அணைந்து எழும்பும். அந்த ஓட்டையை உடனே அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ரூட் எடுப்பது ஒவ்வொரு ஆண்டும் கடினமாகிக்கொண்டே வந்தது.

எங்களில் பலருக்கு ரூட் என்ற சொல்லே தமிழால்தான் அறிமுகம். அன்ட்ரொய்ட் 2.3 காலத்துப் போன்கள் பலவற்றில் தமிழ் வராது, வெறும் பெட்டி பெட்டியாகத் தெரியும். ஒபேரா மினியில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டச் சொல்லும் மறைவான அமைப்பு ஒன்று இருந்தது. அதை இயக்கித்தான் தமிழ்ச் செய்திகளைப் படித்தோம். அது பிரவுசருக்குள் மட்டும். போன் முழுவதும் தமிழ் தெரிய வேண்டுமென்றால் சிஸ்டம் கோப்புறைக்குள் போய் எழுத்துருக் கோப்பை மாற்ற வேண்டும், அதற்கு ரூட் வேண்டும். 2011 கடைசியில் வந்த அன்ட்ரொய்ட் 4.0 தமிழையும் சேர்த்துக்கொண்டு வந்ததால் அந்தத் தேவை மெல்ல மறைந்தது.

இப்போது கொழும்பில் ரொம் மாற்றுகிறவர்களின் காரணம் வேறு. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டதும், 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. புதுப் போனின் விலையை வெறுமனே கேட்டுவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். 2024 தொடக்கத்திலிருந்து 18% வற் வரியும் சேர்ந்துகொண்டது. போன் நன்றாக இருக்கிறது, பற்றரியை மாற்றியாகிவிட்டது, ஆனால் கம்பனி அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது. அப்படியான போனை இன்னும் இரண்டு வருடம் இழுத்துப் பிடிக்க ரொம் மாற்றுவது நியாயமான வழி. நானும் அதற்குத்தான் இந்த வேலையைச் செய்கிறேன். அழகுக்காக ரூட் பண்ணுகிற வயது போய்விட்டது.

பூட்டைத் திறந்ததும் வீடு காலியாவது ஏன்

ரூட்டோ ரொம்மோ, எதற்கும் முதலில் பூட்லோடரைத் திறக்க வேண்டும். போன் எழும்பும்போது முதலில் ஓடும் காவல்காரன் அது. கம்பனி கையெழுத்திட்ட மென்பொருளைத்தான் உள்ளே விடும். அந்தக் காவலை விலக்கிய அடுத்த கணமே போனில் உள்ள உங்கள் தரவு முழுவதும் அழிக்கப்படும். படம், பேச்சு, செயலி, அமைப்பு ஒன்றும் மிஞ்சாது. பலர் இதைக் கம்பனியின் பழிவாங்கல் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை.

100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது உங்கள் போனை ஒருவன் அடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். திரையில் பூட்டு இருக்கிறது. பூட்லோடரை அழிவில்லாமல் திறக்க முடிந்தால், அவன் வீட்டுக்குப் போய்த் தன் மென்பொருளைப் போட்டு, உங்கள் திரைப்பூட்டைத் தாண்டி எல்லாவற்றையும் வாசித்துவிடுவான். அதைத் தடுக்கத்தான் திறப்பும் அழிப்பும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. தரவு போனுக்குள் மறைகுறியாகத்தான், சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி, கிடக்கிறது. அதைத் திறக்கும் சாவி, சிப்புக்குள் தனியாக ஒதுக்கப்பட்ட ஓரிடத்தோடு கட்டப்பட்டது. அழிக்கும்போது அந்தச் சாவியும் போய்விடும். பிறகு எந்த மீட்புக் கடைக்குக் கொண்டுபோனாலும் கிடைப்பது குப்பைதான். பழைய மெமரி கார்டில் அழிந்த படத்தை மீட்டுத் தந்தவரிடம் இதையும் கொடுத்துப் பார்க்கலாம் என்று காசை வீணாக்க வேண்டாம்.

இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. ஒரு செயலியின் உள்தரவை, அதாவது விளையாட்டின் நிலை, உள்நுழைவு, குறிப்புகள் போன்றவற்றை, அப்படியே அள்ளி எடுக்க ரூட் வேண்டும். ஒருகாலத்தில் எல்லோரும் கொண்டாடிய டைட்டேனியம் பேக்கப்பும் சரி, இப்போதைய நியோ பேக்கப்பும் சரி, ரூட் இருந்தால்தான் அந்த வேலையைச் செய்யும். ரூட் எடுக்கப் பூட்லோடரைத் திறக்க வேண்டும். திறந்தால் எடுக்க வேண்டியதே அழிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளும் கருவி கைக்கு வரும்போது அள்ள ஒன்றும் இருக்காது. அதனால் முதல் பேக்கப்பை ரூட் இல்லாத சாதாரணப் போனில், ஒவ்வொரு செயலியிடமும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. குறுக்குவழி இல்லை.

குறுக்குவழி ஒன்று இருந்தது, உண்மைதான். அன்ட்ரொய்ட் 4.0இல் ஏடிபி பேக்கப் என்று ஒரு கட்டளை வந்தது. கொம்பியூட்டரோடு கேபிளால் இணைத்து ஒரு வரி தட்டினால், ரூட் இல்லாமலே செயலிகளின் தரவு ஒரு கோப்பாக வந்துவிடும். ஆனால் "என்னை எடுக்காதே" என்று சொல்லும் உரிமை செயலியைச் செய்தவருக்கு இருந்தது, பல பெரிய செயலிகள் அப்படியே சொல்லின. அன்ட்ரொய்ட் 12க்கு ஏற்ப எழுதப்பட்ட செயலிகளின் தரவை அந்தக் கட்டளை இப்போது எடுப்பதே இல்லை. பழைய வழிகாட்டிகளில் இன்னும் அந்த வரி இருக்கிறது. தட்டினால் பிழை எதுவும் காட்டாது, ஒரு கோப்பும் உருவாகும். உள்ளே பெரிதாக எதுவும் இராது.

அப்படியென்றால் "எல்லாம் கூகுளில இருக்கு" என்கிறோமே, அங்கே என்னதான் இருக்கிறது? அன்ட்ரொய்ட் 6.0 முதல் செயலிகளின் தரவைக் கூகுள் தானாக எடுத்து வைக்கிறது. ஒரு செயலிக்கு உச்ச அளவு 25 எம்பி. அதற்கு மேல் போனால் எடுக்காது. இங்கேயும் செயலி செய்தவர் மறுத்தால் மறுப்புத்தான். தொடர்பு எண்கள், காலண்டர், வைஃபை கடவுச்சொற்கள், எஸ்எம்எஸ் ஆகியவை பெரும்பாலும் வந்துவிடும். படங்கள் கூகுள் போட்டோஸுக்குப் போகின்றன. அதில் 2021 ஜூன் முதலாம் தேதியோடு கணக்கில்லாத இலவச இடம் முடிந்துவிட்டது. இப்போது மெயில், ட்ரைவ், படம் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. அது நிரம்பினால் போன் சின்னதாக ஓர் அறிவிப்புக் காட்டும். நாங்கள் அதை விரலால் தள்ளிவிடுவோம். அந்த நாளிலிருந்து ஒன்றும் ஏறுவதில்லை.

வட்ஸ்அப் என்கிற தனிக் கதை

கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் போனில் உண்மையில் விலைமதிப்பானது எது என்று கேட்டால், பாதிக்கு மேல் வட்ஸ்அப்தான். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்களோடு கதைத்தது, கலியாணப் படங்கள், காணி உறுதியின் ஸ்கேன், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வட்ஸ்அப் தன் பேச்சுகளை இரண்டு இடத்தில் சேமிக்கும். ஒன்று போனுக்குள்ளேயே. ஒவ்வொரு நாளும் விடிய 2 மணிக்கு ஒரு பிரதி எழுதி, கடைசி ஏழு நாள் வரையான பிரதிகளை வைத்துக்கொள்ளும். புதுப் போன்களில் அது அன்ட்ரொய்ட் என்ற கோப்புறைக்குள் மீடியா, அதற்குள் வட்ஸ்அப்பின் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் டேட்டாபேசஸ் என்று உள்ளே உள்ளே இருக்கும். பழைய போன்களில் வெளியிலேயே வட்ஸ்அப் என்று தெரிந்தது. இடம் மாறியது தெரியாமல் பழைய கோப்புறையை மட்டும் கொப்பி பண்ணிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் உண்டு. இரண்டாவது இடம் கூகுள் ட்ரைவ். 2024 முதல் அதுவும் அந்த 15 ஜிபிக்குள் எண்ணப்படுகிறது. முன்பு கணக்கில் வராமல் இருந்ததால் நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வட்ஸ்அப் அமைப்புக்குள் சட்ஸ் பகுதியில் பேக்கப் பக்கத்தைத் திறந்து, கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது என்ற தேதியைக் கண்ணால் பாருங்கள். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தி இப்போதே ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். அது முடிந்தபின் போனுக்குள் இருக்கும் அந்த முழுக் கோப்புறையையும் கொம்பியூட்டருக்குக் கொப்பி பண்ணுங்கள். டேட்டாபேசஸ் மட்டும் போதாது. படமும் குரலும் மீடியா கோப்புறையில் தனியே இருக்கின்றன. குரல் செய்திகள் வருடமும் வார எண்ணும் சேர்ந்த பெயர்களில், 202214 என்கிற மாதிரி, சின்னச் சின்னக் கோப்புறைகளாகக் கிடக்கும். பேச்சுக் கோப்பு மறைகுறியில் இருக்கும், வட்ஸ்அப் இல்லாமல் திறக்காது. படமும் குரலும் சாதாரணக் கோப்புகள்தான். பேச்சு மீளாமல் போனாலும் அவற்றையாவது லப்டொப்பில் கேட்கலாம், பார்க்கலாம்.

இரண்டு பொறிகள் உண்டு. 2021இல் வட்ஸ்அப் பேக்கப்புக்கு முழு மறைகுறி வந்தது. அதை யாராவது, பெரும்பாலும் வீட்டில் இருக்கிற கெட்டிக்காரப் பிள்ளை, இயக்கி வைத்திருந்தால், அப்போது கொடுத்த கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ இல்லாமல் பேக்கப் ஒருநாளும் திறக்காது. கம்பனியாலும் திறந்து தர முடியாது. மற்றது, லீனியேஜ் ஓஎஸ்ஸில் கூகுள் சேவைகள் சேர்ந்து வருவதில்லை. அவற்றைத் தனியாகப் போட வேண்டும். போடாவிட்டால் ட்ரைவில் இருக்கும் வட்ஸ்அப் பேக்கப்பை எடுக்கவே முடியாது, உள்ளூர்ப் பிரதி ஒன்றுதான் கை கொடுக்கும். அதையும் புது வட்ஸ்அப்பில் எண்ணை உறுதிப்படுத்துவதற்கு முன்னமே உரிய இடத்தில் வைத்துவிட வேண்டும். எண்ணைக் கொடுத்துப் புதுக் கணக்காக உள்ளே போய்விட்டு, "இப்ப பேக்கப்பைப் போடுவம்" என்று தேடினால் அந்தப் பொத்தான் கிடைக்காது. செயலியைக் கழற்றித் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வைபர் பாவிப்பவர்கள் அதன் பேக்கப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது தானாக எடுக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பது சரியல்ல.

தொடர்பு எண்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிலது கூகுளில், சிலது போனில், சிலது சிம்மில் என்று சிதறிக் கிடக்கும், அவ்வளவுதான் தொல்லை. தொடர்புச் செயலியில் ஏற்றுமதி என்று ஒரு தெரிவு இருக்கிறது. மூன்று இடங்களையும் தெரிவு செய்து ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரட்டை உறுதிக் குறியீடு தரும் ஒதென்டிகேட்டர் செயலிகளில்தான் ஆட்கள் வசமாக மாட்டுகிறார்கள். கூகுள் ஒதென்டிகேட்டர் 2023 ஏப்ரல் வரை எதையும் கணக்கோடு ஒத்திசைக்காது. போன் போனால் குறியீடும் போகும். இப்போது ஒத்திசைக்கும், ஆனால் மேல் மூலையில் உள்ள மேகப் படம் பச்சையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு செயலி என்றால், அதில் ஏற்றுமதிக் கியூஆர் இருந்தால் அதை இன்னொரு போனில் ஸ்கேன் பண்ணி வையுங்கள். கூகுள் கணக்குக்கு எட்டு இலக்கங்களில் பத்து மாற்றுக் குறியீடுகள் தருவார்கள். அவற்றைத் தாளில் எழுதுங்கள், போனில் படம் பிடித்து வைக்காதீர்கள். அழிக்கப்போவது அந்தப் போனையேதான்! தாள் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போனின் கூகுள் திருட்டுப் பாதுகாப்பு, அழித்தபின் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கலாம். அந்தக் கடவுச்சொல் பல வருடமாகப் போனுக்கே தெரியும், எங்களுக்குத் தெரியாது.

வங்கிச் செயலிகளில் பேக்கப் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவை தம் சாவியைச் சிப்புக்குள் பூட்டி வைத்திருப்பதால், ரூட் போட்டுத் தரவைக் கொப்பி பண்ணினாலும் புது இடத்தில் ஓடாது. அதோடு பூட்லோடர் திறந்த போனைக் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் கண்டுபிடித்துப் பல வங்கிச் செயலிகள் கதவை மூடிவிடும். சம்பளம், மின்சாரக் கட்டணம், கடையில் லங்கா கியூஆர் எல்லாம் ஒரே போனில் என்றால், எனக்குத் தெரிந்த யாருக்கும் அந்தப் போனை ரூட் பண்ணச் சொல்ல மாட்டேன். வீட்டில் இருக்கிற இரண்டாவது போனில் ஆசையைத் தீர்த்துக்கொள்ளட்டும்.

நான் 'யெஸ்' என்று தட்டிய கதை

படங்களைக் கேபிள் போட்டுக் கொம்பியூட்டருக்கு எடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அப்படி இழுத்துப் போடும்போது சில நேரம் கோப்பின் தேதி இன்றைய தேதியாக மாறிவிடும். கமராவால் எடுத்த படத்துக்குள் தேதி தனியாகப் பதிந்திருப்பதால் பாதிப்பில்லை. வட்ஸ்அப்பில் வந்த படத்தில் அது இராது. நாலாயிரம் படமும் ஒரே நாளில் வந்தது போலக் குவிந்துவிடும். மிச்சமிருக்கும் ஒரே தடயம் கோப்பின் பெயர்தான். நடுவில் 20190115 என்று இருந்தால் அது 2019 தைப்பொங்கல் அன்று வந்த படம். கேபிள் வழியே கோப்புகளை இழுக்கும் ஏடிபி புல் கட்டளையை தேதியைக் காக்கும் தெரிவோடு கொடுத்தால் இந்தத் தலைவலி இல்லை. கொப்பி முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் கோப்பு எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் கேபிள் ஆடினால் மிச்சம் வராமலே நின்றிருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். பூட்லோடர் ஏற்கனவே திறந்த போன் ஒன்றில் ரொம் மாற்ற நினைத்தேன். டீம்வின் ரிக்கவரி போட்டிருந்தேன். அன்ட்ரொய்ட் எழும்பாமலே பேக்கப் எடுக்கவும் ரொம் ஏற்றவும் உதவும் மென்பொருள் அது. அதில் பேக்கப் என்ற பெரிய பொத்தான் இருக்கும். சிஸ்டம், பூட், டேட்டா மூன்றையும் தெரிவு செய்து விரலால் இழுத்தேன். பத்து நிமிடம் ஓடி, வெற்றி என்று காட்டியது. டேட்டா என்றால் எல்லாத் தரவும்தானே என்று நினைத்தேன். இல்லை. டீம்வின் எடுக்கும் டேட்டா பேக்கப்பில் உள் சேமிப்பகம், அதாவது படங்களும் தரவிறக்கங்களும் இருக்கிற பகுதி, சேராது. காரணம் எளிது. அந்தப் பேக்கப் கோப்பே அந்தப் பகுதிக்குள்தான் எழுதப்படுகிறது. தன்னைத்தானே விழுங்க முடியாதல்லவா?

புது ரொம் எழும்பவில்லை, லோகோவில் சுற்றிக்கொண்டே நின்றது. ஃபோர்மட் டேட்டா செய்தால் சரியாகும் என்று எங்கோ படித்திருந்தேன். அதை அழுத்தினால் டீம்வின் சும்மா அழிக்காது. மீட்க முடியாது என்று எச்சரித்துவிட்டு, 'யெஸ்' என்று எழுத்தெழுத்தாகத் தட்டச் சொல்லும். தட்டினேன். சாதாரண வைப், அதாவது மேலோட்டமான அழிப்பு, என்றால் உள் சேமிப்பகம் தப்பும். ஃபோர்மட்டில் தப்பாது. படங்களும் போயின, பேக்கப் கோப்பும் அதனோடேயே போனது. சாவியை அலுமாரிக்குள் வைத்து அலுமாரியை எரித்த கணக்கு. போனில் எடுத்த பேக்கப்பைப் போனில் வைத்திருந்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கும் இந்தத் தவறைச் செய்கிறவர்களைப் பார்க்கிறேன். புதுப் போன்களில் டீம்வினால் மறைகுறியைத் திறக்க முடியாமல் கோப்புறைப் பெயர்களெல்லாம் கன்னாபின்னா எழுத்துகளாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தப் பேக்கப்பை நம்பி ஓரடியும் எடுத்து வைக்காதீர்கள்.

சாம்சங் போன்களில் வேறொரு இடத்தில் சறுக்கும். ஓடின் என்ற மென்பொருளால் கம்பனி மென்பொருளைத் திரும்பப் போடும்போது பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என்று நாலு கோப்புகள் கேட்கும். சிஎஸ்சி பெட்டியில் வைக்கத் தரவிறக்கத்தோடு இரண்டு கோப்புகள் வரும். வெறும் சிஎஸ்சி என்று தொடங்குவது தரவை அழிக்கும், ஹோம் சிஎஸ்சி என்று தொடங்குவது அழிக்காது. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். கம்பனி மென்பொருள் அல்லாத ஒன்றை ஏற்றினால் நொக்ஸ் என்ற மின் உருகி ஒன்று எரியும். அதை யாராலும் திரும்பப் பொருத்த முடியாது. செக்யூர் ஃபோல்டர் அந்தப் போனில் பிறகு வேலை செய்யாது. அதற்குள் ஒளித்து வைத்தவற்றை முன்னமே வெளியே எடுத்துவிடுங்கள், யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

ரூட் கிடைத்த பிறகு, ரொம் மாற்றுவதற்கு முன், இரண்டாவது பேக்கப் ஒன்று இருக்கிறது. பலருக்கு அப்படியொன்று உண்டென்றே தெரியாது. போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணும் சிக்னல் அளவீடுகளும் சில சிறு பகுதிகளில் எழுதப்பட்டிருக்கும். சாம்சங்கில் ஈஎஃப்எஸ், மீடியாடெக் சிப் என்றால் என்வி ரேம், குவல்கொம் என்றால் மோடம்எஸ்டி 1, 2. இவை அந்த ஒரு போனுக்கே உரியவை. இன்னொரு போனிலிருந்து எடுத்துப் போட முடியாது, இணையத்தில் தரவிறக்கவும் முடியாது. தவறான கோப்பு ஒன்றை ஏற்றி இவை கெட்டால் சிம்மைப் போட்டாலும் சிக்னல் வராது. எல்லாம் சேர்த்தே சில எம்பிதான். பெர்சிஸ்ட் என்ற பகுதியும் அப்படித்தான், சென்சார் அளவீடுகள் அதில் இருக்கும். ரூட் வந்த உடனே இந்த நாலைந்து கோப்புகளையும் எடுத்து, மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

வேலை தொடங்குமுன் *#06# தட்டி வருகிற ஐஎம்இஐ எண்ணைப் போன் வந்த பெட்டியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டி இல்லையென்றால் எழுதி வையுங்கள். இங்கே அது வெறும் எண் இல்லை. ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று தெரிந்துவிடும். புறக்கோட்டையில் கைமாறிய பழைய போன் வாங்குகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சியோமி போன்களில் பூட்லோடர் திறக்க விண்ணப்பித்தபின் 168 மணித்தியாலம் காக்க வைப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. எல்லோரும் அதைத் திட்டினோம். எனக்கோ அது பேக்கப் எடுக்கக் கிடைத்த ஒரு கிழமை. 40 ஜிபி படத்தைப் பகலில் ஏற்றினால் டேட்டா பெட்டி காலியாகிவிடும். நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கிற இரவு டேட்டாவில் நாலைந்து நாளாகப் பிரித்து ஏற்றலாம். மென்பொருள் ஏற்றும் வேலையை மேசைக் கொம்பியூட்டரில் செய்வதென்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டியதால் நாடு முழுவதும் கரண்ட் போனது என்று அமைச்சரே சொன்ன ஊர் இது. அந்த நேரத்தில் யாருடைய போனாவது பாதி மென்பொருளோடு கேபிளில் தொங்கியிருக்கும்.

எல்லாம் எடுத்தபின், அழிப்பதற்கு முன், சும்மா கிடக்கிற பழைய போன் ஒன்றில் அந்தத் தொடர்புக் கோப்பை ஏற்றிப் பாருங்கள். ஒரு வீடியோவை முழுக்க ஓடவிடுங்கள். சிலர் தொடர்புக் கோப்பைக் கொம்பியூட்டரில் நோட்பேடில் திறந்து பார்த்துவிட்டு, தமிழ்ப் பெயரெல்லாம் நாசம் என்று பதறி அழித்துவிடுகிறார்கள். ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காகத் தெரியும். தமிழில் சேமித்த பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சமன் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக நீளமாக ஓடும். அது கெட்டுப்போன கோப்பு இல்லை. தொடர்புகளைச் சேமிக்கும் அந்தப் பழைய கோப்பு வடிவம் தமிழை அப்படித்தான் எழுதும்: ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று எழுத்து. 'அம்மா' என்று சேமித்திருந்தால் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி. ஆக 45 எழுத்துகள், சமன் குறியில் தொடங்கும். போனில் ஏற்றிப் பாருங்கள், பெயர் சரியாக வரும்.